ஒரு நாள் குறைச்சல்

வருஷத்தில் பதினோரு மாதம் வஹீதா டீச்சரின் தோள்பையில் ஒரு டிபன் பாக்ஸும் ஒரு குடையும்தான் இருக்கும். ஜூன் பிறந்தால் பை வீங்கிவிடும். கோந்து பாட்டில், நீல மை, கறுப்பு மை, மை ஒற்றும் தாள், ஊசி நூல், ஒரு கட்டு வெள்ளைத்தாள், போட்டோக்கள் அடங்கிய உறைகள். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காலை ஏழரை மணி பஸ்ஸில் அவர் ஏறும்போது கண்டக்டர், "என்ன டீச்சர், லக்கேஜ் டிக்கெட் போட்டுடவா?" என்பார்.

"போடுங்க போடுங்க. உங்க பொண்ணு பதினொண்ணாவதுதானே? அடுத்த ஜூன்ல என்கிட்டதான் வரணும். அப்ப வச்சுக்கிறேன்."

மண்ணச்சநல்லூர் பக்கத்தில் ஒரு ஜில்லா போர்டு ஹைஸ்கூலில் அவருக்கு வேலை. வரலாறும் பூகோளமும் எடுப்பார். ஆனால் ஊருக்குள் அவர் பெயர் 'பாரம் டீச்சர்'. பள்ளிக்கூடத்தை முடித்தவர்கள் பட்டப்படிப்புக்கு முன்னால் பி.யு.சி. என்று ஒரு வருஷம் படித்தாக வேண்டும் என்ற ஏற்பாடு வந்த புதிது அது. நெல் அவிக்கிற வீடுகளிலும் வண்டி ஓட்டுகிற வீடுகளிலும் கல்லூரி விண்ணப்பப் பாரத்தைக் கண்ணால் பார்த்தவர் யாரும் கிடையாது. யாரோ ஒருவர் அதை நிரப்பித் தர வேண்டும். 1957இல் ஒரு நாள் வஹீதா டீச்சர், "குடுங்க பார்ப்போம்" என்று கையை நீட்டினார். நீட்டிய கையை அப்புறம் மடக்கவே முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால் அவரே கல்லூரியில் படித்தவர் அல்ல. பள்ளிக்கூடம் முடித்து, ட்ரெயினிங் முடித்து, இருபது வயதில் நேராக வகுப்பறைக்கு வந்தவர். கல்லூரியின் ஆபீஸ் ஜன்னல் வரைக்கும் பலமுறை போயிருக்கிறார். அதற்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஜன்னலைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது.

முதல் வருஷமே ஒரு பாடம் கிடைத்தது. ஒரு அம்மா, மகளின் பாரத்துக்கு நான்கு மூலையிலும் பயபக்தியாக மஞ்சள் தடவி, மேலே குங்குமமும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். மஞ்சள் இறங்கிய இடத்தில் பாரத்தின் நம்பரும் மாணவியின் இனிஷியலும் காணாமல் போயிருந்தன. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்தவர் அதை இரண்டு விரலால் தூக்கி, "இது விண்ணப்பமா, கல்யாணப் பத்திரிகையா?" என்று திருப்பித் தந்துவிட்டார். அன்றிலிருந்து டீச்சர் ஒவ்வொரு பாரத்தோடும் ஒரு வெள்ளைத்தாளையும் கொடுத்தனுப்புவார். "மஞ்சள், குங்குமம், விபூதி எல்லாம் இதுல. பாரத்துமேல ஒரு விரல் பட்டுச்சு, நான் பொல்லாதவளாயிடுவேன்."

வெற்றுப் பாரம் வாங்கி வருவது அவர் கணவர் அப்துல் சுக்கூரின் வேலை. பெரிய கடைவீதியில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தார். பெண்கள் கல்லூரியில் எழுபது பெண்கள் நிற்கும் வரிசையில் சிவப்புக் குல்லாவோடு ஒற்றை ஆளாக நின்று, பன்னிரண்டு பாரம் வாங்கி வருவார். "பன்னெண்டு பொண்ணுங்களான்னு வாட்ச்மேன் கேட்டான். மாஷா அல்லான்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்பார்.

சான்றிதழ் நகல்களில் பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் மாட்டு டாக்டர். ஆகவே ஜூன் மாதத்தில் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு எருமை, ஒரு மாணவி, ஒரு கிடாரி, ஒரு மாணவி என்று வரிசை நிற்கும். டாக்டர் ஒரு ஊசி, ஒரு கையெழுத்து என்று மாறி மாறிப் போட்டுக்கொண்டே போவார்.

நேர்முகத்துக்குப் பயிற்சி பஸ் ஸ்டாப்பில் நடக்கும். டீச்சர் தன் பையின்மேல் உட்கார்ந்து பிரின்சிபாலாகிவிடுவார். "பேர் என்ன? ஏன் படிக்க வந்தே?" பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுப்பார்கள். இருளாயி ஒருத்திக்குத்தான் நேர் எதிரான பயிற்சி தேவைப்பட்டது.

இருளாயி பிறந்து வளர்ந்தது ரைஸ்மில் இன்ஜின் சுவரை ஒட்டிய வீட்டில். அவள் அம்மா வெள்ளையம்மாள் அந்த மில்லில் நெல் அவிக்கிறவர். இன்ஜின் ஓடும்போது அம்மாவும் மகளும் பேசிக்கொள்ள ஒரே வழி கத்துவதுதான். இன்ஜின் நின்ற பிறகும் அந்தக் குரல் நிற்கவில்லை. "என் பேரு இருளாயிங்க!" என்று அவள் பஸ் ஸ்டாப்பில் பதில் சொன்னால் எதிர்க்கடைக்காரர் எழுந்து பார்ப்பார்.

"மெதுவா சொல்லும்மா. பிரின்சிபால் முன்னாலதான் உக்காந்திருக்காங்க, துறையூர்ல இல்ல."

"இதுதாங்க டீச்சர் மெதுவா!"

குரலைவிடப் பெரிது அவள் மூளை. மூன்றாம் வகுப்பிலிருந்து டபுள் ப்ரமோஷனில் நேராக ஐந்தாவதுக்குத் தூக்கிப்போட்டார்கள். 1959 எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தொண்ணூற்றாறு. மில் பாய்லரில் நீராவி எப்படி அவ்வளவு பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதைச் சொல்லித்தருகிற படிப்பு எது என்று கேட்டுத்தான் டீச்சரிடம் வந்தாள். பௌதிகம் என்றார் டீச்சர். அவளுக்காக ஒரு ஸ்காலர்ஷிப்பையும் தேடிப் பிடித்தார். கல்லூரிச் சம்பளம், ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் இலவசம். ஒரே நிபந்தனை, எந்த வருஷம் பாஸ் செய்தார்களோ அதே வருஷம் சேர வேண்டும். அடுத்த வருஷம் போய்க் கேட்டால் கிடையாது. ஸ்காலர்ஷிப் இல்லையென்றால் வெள்ளையம்மாளுக்குக் கல்லூரி என்பது மலைக்கோட்டை மாதிரி, தூரத்தில் நின்று கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தாலுகா ஆபீஸிலிருந்து வருமானச் சான்று வந்து சேர ஜூன் 29 மாலை ஆகிவிட்டது. பாரம் கொடுக்கக் கடைசி நாள் ஜூன் 30, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி.

"செவ்வாய்க்கிழமை மூணுலேருந்து நாலரை ராகு காலம்" என்றார் வெள்ளையம்மாள். "அதுக்குள்ள குடுத்துரணும் டீச்சர். அது ஒண்ணுதான் நான் கேக்குறது."

"காலையில பத்து மணிக்கே குடுத்துடுவோம். போதுமா?"

பத்து மணிக்கு மூன்று பேரும் ஜன்னலுக்கு முன்னால் நின்றார்கள். உள்ளே இருந்தவர் ஹெட்கிளார்க் பிச்சைமுத்து. மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் பென்சில். பாரத்தைப் புரட்டினார். போட்டோ சரி, பச்சை மை சரி, வருமானச் சான்று சரி. வஹீதா டீச்சர் நிரப்பிய பாரத்தில் குறை கண்டுபிடிப்பது அவருக்கு மூன்று வருஷமாகக் கைகூடாத ஆசை. இன்றைக்குப் பென்சில் ஓர் இடத்தில் நின்றது.

"பிறந்த தேதி ஒண்ணு ஏழு நாப்பத்துநாலு." விரல்விட்டு எண்ணினார். "பின்பக்கம் ஆறாவது விதி படிச்சீங்களா டீச்சர்? ஜூன் முப்பதாம் தேதியன்று பதினைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்தப் பொண்ணுக்கு நாளைக்குத்தான் பதினஞ்சு. ஒரு நாள் குறைச்சல்."

டீச்சர் படித்திருந்தார். ஐம்பத்தொன்பதிலிருந்து நாற்பத்துநாலைக் கழித்தால் பதினைந்து. அதோடு நிறுத்திவிட்டார். மாதத்தையும் தேதியையும் பார்க்கவில்லை.

"ஒரு நாள்தானேங்க?"

"நீங்க ஒரு நாள் லேட்டா பாரம் கொண்டாந்தா வாங்கிப்பேனா? அதே ஒரு நாள்தான் இதுவும்."

வெள்ளையம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்னங்க ஐயா சொல்றீங்க? எம்மவ மார்கழியில பொறந்தவங்க! சீரங்கத்துல சொர்க்கவாசல் தொறந்தாங்கல்ல, அதுக்கு மறுநா. ராத்திரியெல்லாம் முழிச்ச சனம் கண்ணு செவந்து திரும்பிவருது, எனக்கு இடுப்புவலி. இவளுக்குப் பதினஞ்சு முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சுங்க!"

"சொர்க்கவாசல்ல சர்டிபிகேட் குடுத்தாங்களாம்மா?" என்றார் பிச்சைமுத்து. "எனக்கு ஸ்கூல் ரிகார்டுதான் பேசும். மார்கழியில பொறந்த புள்ளைக்கு ஜூலை ஒண்ணுன்னு எழுதி வச்சானே ஒரு புண்ணியவான், அவனைப் போய்க் கேளுங்க."



"அந்தப் புண்ணியவான் நான்தாங்க" என்றார் வஹீதா டீச்சர்.

உண்மைதான். 1949 ஜூன். டீச்சருக்கு அது முதல் வேலை, ஒன்றாம் வகுப்பு. முப்பத்துமூன்று குழந்தைகள் சேர வந்தார்கள். ஒரு குழந்தைக்கும் பிறந்த தேதி தெரியாது. புயலடித்த வருஷம் என்றார் ஒருவர், சிவப்பு மாடு கன்று போட்ட வாரம் என்றார் இன்னொருவர். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார் டீச்சர். தொட்டவர்களுக்கு வயது ஐந்து. ஜூலை ஒன்றுக்குள் ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்பது பள்ளி விதி. ஆகவே முப்பத்துமூன்று பேருக்கும் ஜூலை ஒன்று என்றே எழுதினார். ஜனவரி என்றுகூட எழுதியிருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. இதுகளில் ஒன்றிரண்டாவது சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகும். பிறந்த நாள் எவ்வளவு தள்ளிப்போகிறதோ, ரிட்டயர் ஆவதும் அவ்வளவு தள்ளிப்போகும். இருபது வயது டீச்சர் ஒரு வகுப்புக்கே ஆறு மாத உத்தியோகத்தைப் பரிசளித்துவிட்டதாக நினைத்து அன்று பஸ்ஸில் பாட்டுப் பாடாத குறையாக வீட்டுக்குப் போனார். அந்த முப்பத்துமூன்றில், டபுள் ப்ரமோஷனால் ஒரு வருஷம் முந்திக்கொண்டு கல்லூரி ஜன்னலுக்கு வந்த முதல் ஆள் இருளாயி.

பிறந்த தேதியைத் திருத்த மனுப் போட்டால் ஆறு மாதம் ஆகும் என்றார் பிச்சைமுத்து. "அடுத்த வருஷம் வாங்கம்மா. சீட்டு எங்கே ஓடிடப்போகுது?"

சீட்டு ஓடாது. ஸ்காலர்ஷிப் ஓடிவிடும். திரும்புகிற பஸ்ஸில் இருளாயி ஒரு வார்த்தை பேசவில்லை. டோல்கேட்டில் ஏறிய இரண்டு பேர் அவள் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கினார்கள். டீச்சருக்கு அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை. அவள் கத்தியிருக்கலாம் என்று தோன்றியது.

டீச்சர் நேராகப் பள்ளிக்குப் போயாக வேண்டியிருந்தது. தாயும் மகளும் பின்னாலேயே வந்தார்கள். அன்றுதான் ஹெட்மாஸ்டர் அமிர்தசாமிக்குப் பிரிவுபசார விழா. வாழ்த்துமடல் வாசிப்பது வஹீதா டீச்சர்.

அமிர்தசாமி சாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட லேட்டாக வராத மனிதர். ஐம்பத்தைந்து வயதில் ரிட்டயர் ஆவதில் அவருக்கு வருத்தம் கிடையாது. ஒரு நாள் முன்னால் அனுப்புகிறார்கள் என்பதில்தான் வருத்தம். அவர் பிறந்தது 1904 ஜூலை ஒன்று. ஜூன் 30ஆம் தேதியே வீட்டுக்குப் போ என்று உத்தரவு. 'என் சேவையில் ஒரு நாள் குறைகிறது' என்று ஜில்லா கல்வி ஆபீஸுக்கு எழுதினார். பதில் வந்தது. அந்தப் பதிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதமாகத் தபால்காரர், சோடாக்கடைக்காரர், பள்ளி மணி அடிப்பவர் என்று எல்லோரிடமும் நீட்டினார். "நாளைக்குத்தான் எனக்குப் பொறந்த நாளு. இன்னைக்கே வயசாயிடுச்சாம். அக்கிரமத்தைப் பாருங்க." வஹீதா டீச்சரிடம் மட்டும் பதினொரு தடவை வாசித்துக் காட்டியிருந்தார். டீச்சர் போட்டோ ஒட்டிக்கொண்டே, "ஆமா சார், அநியாயம் சார்" என்று பதினொரு தடவையும் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டரை மணிக்கு விழா தொடங்கியது. ரோஜா மாலை, சம்பங்கி மாலை, மில்காரர்கள் போட்ட ஆளுயரச் செவ்வந்தி மாலை. மாலைகளுக்கு மேலே தலைப்பாகை மட்டும் தெரிந்தது. பொறுப்பு ஒப்படைக்கிற தாளில் எல்லோர் முன்னிலையிலும் கையெழுத்தாயிற்று. பள்ளி எழுத்தர் எழுந்து உத்தரவை வாசித்தார். "தலைமையாசிரியர் திரு. அமிர்தசாமி அவர்களுக்கு, முப்பது ஆறு ஐம்பத்தொன்பது பிற்பகலில் ஐம்பத்தைந்து வயது நிறைவடைவதால்..."

மேடையில் வாழ்த்துமடலோடு நின்ற வஹீதா டீச்சர் மடலைக் கீழே போட்டார்.

"சார்! உங்களுக்குப் பொறந்த நாள் என்னைக்கு?"

"இதென்னம்மா கேள்வி? நாளைக்கு. ஒரு மாசமா அதைத்தானே..."

"நாளைக்குப் பொறந்த நாள்னா, வயசு எப்ப நிரம்புது?"

"இன்னைக்காம்! அதைத்தானே அக்கிரமம்ங்கறேன்!"

"அக்கிரமம் இல்ல சார்! அதான் சார் நியாயம்! அந்த லெட்டரை எடுங்க சார்!"

மாலைகளுக்குள் கையைவிட்டுச் சட்டைப்பையைத் தேட அவருக்கு அரை நிமிஷம் ஆயிற்று. டீச்சர் பன்னிரண்டாவது தடவையாக அதைப் படித்தார். முதல் தடவையாகக் கவனித்துப் படித்தார். 'ஜூலை முதல் தேதி பிறந்தவருக்கு அந்நாளே வாழ்வின் முதல் நாளாகக் கணக்கிடப்படும். ஆகவே அவரது ஒவ்வொரு வயதும் ஜூன் 30ஆம் தேதியோடு நிறைவடைகிறது.'

"இருளாயிக்கும் ஜூலை ஒண்ணு சார். உங்களுக்கு இன்னைக்கு நிரம்பினா அவளுக்கும் இன்னைக்கு நிரம்பணும். யா அல்லா, இதை வச்சுக்கிட்டா ஒரு மாசமா அழுதுக்கிட்டிருந்தோம்!"

அமிர்தசாமி சார் மெதுவாக எழுந்தார். ஒரு மாதமாகத் தன்னை வதைத்த காகிதத்தை அவர் அப்போது பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது. "மணி என்ன?"

"ஒண்ணே கால் சார்."

"பஸ்?"

"இப்பத்தான் போச்சு. அடுத்தது மூணு மணிக்கு."

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து வெள்ளையம்மாளின் குரல் வந்தது. மகளுக்கு அந்தக் குரல் எங்கிருந்து கிடைத்தது என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது. "மில்லு லாரி மூட்டை ஏத்திக்கிட்டு திருச்சிக்குப் போகப்போகுதுங்க! வீரமலை அண்ணே! நாங்களும் வர்றோம்!"

லாரியில் அரிசி மூட்டை ஏற்றி முடிக்க மணி இரண்டாகிவிட்டது. முன்னால் டிரைவர் வீரமலையோடு டீச்சரும் தாயும் மகளும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஹெட்மாஸ்டருக்கு இடமில்லை. "எனக்கென்ன, நான் மேல நிக்கிறேன்" என்று மூட்டைகளின்மேல் ஏறி நின்றுவிட்டார். மாலையைக் கழற்ற நேரமில்லை. அவர் ஏறியதைப் பார்த்து பதினைந்து இருபது மாணவர்களும் ஏறிவிட்டார்கள். விழா பாதியில் நிற்கக் கூடாதல்லவா, அதையும் லாரியிலேயே கொண்டுவந்தார்கள்.

டோல்கேட்டில் லாரி வேகம் குறைந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் மூன்று மாலைக்காரரை அண்ணாந்து பார்த்தார்கள்.

"யாருப்பா ஜெயிச்சது?" என்றார் ஒருவர்.

"எங்க சார் ஜெயிச்சாரு!" என்று மேலிருந்து பையன்கள் கத்தினார்கள்.

அமிர்தசாமி சார் மரியாதைக்குக் கைகூப்பினார். அதோடு போயிற்று. டீக்கடை முழுக்க எழுந்து கைதட்டியது. ஒருவர் சோடா உடைத்துக் கொடுத்தார். "தண்ணிக்குழா நம்ம தெருவுக்கு வரலைங்க, மறந்துடாதீங்க" என்று இன்னொருவர் மனுவே கொடுத்துவிட்டார். "கவனிக்கிறேன்" என்றார் சார், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

திருவானைக்காவலில் ஒரு கல்யாண கோஷ்டி எதிரே வந்தது. நாதஸ்வரக்காரர் மாலையைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் லாரியை நோக்கித் திரும்பி நின்று வாசிக்க ஆரம்பித்தார். அசல் மாப்பிள்ளை காரிலிருந்து தலையை நீட்டி, "யோவ், நான் இங்க இருக்கேன்யா!" என்றார். அந்தத் தெருவைத் தாண்டவே இருபது நிமிஷம் ஆயிற்று. லாரிக்குள் டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. வெள்ளையம்மாள் டீச்சரின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காவேரிப் பாலத்தில் வைக்கோல் வண்டிகள் அடைத்து நின்றன. ஹெட்மாஸ்டர் இறங்கினார். பாலத்தின் நடுவில் நின்று, டிரில் வகுப்பில் அணிவகுக்கச் சொல்லும் அதே கையால், "நீ இடது! நீ நில்லு! சிவப்பு மாடு, பின்னால போ!" என்று உத்தரவு போட்டார். மாலை போட்ட மனிதரின் பேச்சுக்கு வண்டிக்காரர்கள் கட்டுப்பட்டார்கள். மாடுகளும் கட்டுப்பட்டன. வழி பிறந்தது.

கல்லூரி வாசலில் லாரி நின்றபோது மணி மூன்று இருபத்தைந்து.

டீச்சர் பாரத்தை எடுத்துக்கொண்டு இரண்டடி ஓடினார். பிறகு நினைவு வந்து நின்று திரும்பினார். வெள்ளையம்மாள் லாரிப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். ராகு காலம் பிறந்து இருபத்தைந்து நிமிஷமாகியிருந்தது.

"வெள்ளையம்மா, உங்ககிட்ட வாக்குக் குடுத்தேன். நீங்க வேணாம்னா நான் குடுக்க மாட்டேன். நாலு மணிக்கு ஜன்னலை மூடிடுவாங்க. நீங்கதான் சொல்லணும்."

வெள்ளையம்மாள் மகளைப் பார்த்தார். லாரிமேல் நின்ற ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். எழுந்து முந்தானையை உதறி இடுப்பில் செருகினார்.

"மார்கழியில பெத்தவ நானு. ஆடி பொறக்கப்போற சமயத்துல பொறந்தான்னு எழுதி வச்சீங்க. அறுபது வயசு மாதிரி இருக்குற ஐயாவுக்கு நாளைக்குத்தான் பொறந்த நாளு, இன்னைக்கே வயசாச்சுங்கிறீங்க. நாளு கெழமையே இப்பிடி நம்ம சொன்னபடி கேக்குது, ராகு மட்டும் என்னா பெரிய இதா? குடுங்க டீச்சர், பாத்துக்குவோம்!"

ஜன்னலில் பிச்சைமுத்து கடைசிக் கட்டுப் பாரங்களை நூலால் கட்டிக்கொண்டிருந்தார். முதலில் செவ்வந்தி மாலை தெரிந்தது, அப்புறம் அதற்குப் பின்னால் ஹெட்மாஸ்டர், டீச்சர், தாய், மகள், பையன்கள், ஒரு லாரி டிரைவர்.

"டீச்சர், காலையிலேயே சொன்னேனே. அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷம் முடியாதுங்க ஐயா!" என்றாள் இருளாயி.

காலையிலிருந்து அடைத்து வைத்திருந்த குரல். நடையில் இருந்த புறாக்கள் பறந்தன. மூன்று கதவுகள் திறந்தன. அவற்றில் ஒன்று பிரின்சிபால் அறைக் கதவு. கதர்ப் புடவை கட்டிய அந்த அம்மாள் வெளியே வந்து, "யார் அது? மைக் வச்சிருக்கீங்களா?" என்றார்.

"இல்லைங்க அம்மா! சும்மாதான் பேசினேன்!"

"உன் பேர் என்ன?"

"இருளாயிங்க! பௌதிகம் படிக்க வந்தேங்க! பாய்லர் எப்பிடி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கணுங்க!"

பஸ் ஸ்டாப்பில் பத்து நாள் நடந்த பயிற்சி இரண்டு மூச்சில் முடிந்துவிட்டது. அமிர்தசாமி சார் முன்னே வந்தார். உத்தரவையும் கடிதத்தையும் நீட்டினார்.

"அம்மா, நானும் ஜூலை ஒண்ணு, இந்தப் பொண்ணும் ஜூலை ஒண்ணு. எனக்கு இன்னைக்கு அம்பத்தஞ்சு நிரம்பிடுச்சுன்னு சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கு. அப்ப இவளுக்கு இன்னைக்குப் பதினஞ்சு நிரம்பணும். இவளுக்கு நிரம்பலைன்னு நீங்க சொன்னா, எனக்கும் நிரம்பலை. நான் நாளைக்குக் காலையில ஸ்கூலுக்குப் போய் என் நாற்காலியில உக்காந்துடுவேன்."

பிரின்சிபால் கடிதத்தை இரண்டு முறை படித்தார். உதட்டின் ஓரம் துடித்தது.

"அம்மா" என்றார் பிச்சைமுத்து, விடாமல். "அப்படியே வச்சுக்கிட்டாலும் இன்னைக்கு ராத்திரி பன்னெண்டுக்குத்தானே நிரம்பும்? நம்ம ஆபீஸ் நாலு மணியோட சரி."

"உத்தரவுல 'பிற்பகல்'னு போட்டிருக்கு" என்றார் வஹீதா டீச்சர். "மணி இப்ப மூணே முக்கால். இது பிற்பகல் இல்லீங்களா?"

பிரின்சிபால் அம்மாள் அதற்கு மேல் தாங்க மாட்டாமல் சுவரில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விதியில என்ன இருக்கு பிச்சைமுத்து? ஜூன் முப்பதாம் தேதியன்று நிரம்பியிருக்கணும். நிரம்பியிருக்கு. பாரத்தை வாங்கிக்கங்க. இந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்துப் பாரத்தோட வைங்க, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். பச்சை மைப் பேனாவைத் திறந்தார். அந்த ஜூனில் எருமை பக்கத்தில் இல்லாமல் போடப்பட்ட ஒரே பச்சைக் கையெழுத்து அதுதான்.

பிச்சைமுத்து பாரத்தில் முத்திரை குத்தினார். குத்திவிட்டு, முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். முகம் மாறியது.

"ஏன் சார்" என்றார் ஹெட்மாஸ்டரிடம், குரலைத் தாழ்த்தி, "ஜூலை ஒண்ணுல பொறந்த எல்லாரையுமா ஒரு நாள் முன்னாடி அனுப்பிடுறாங்க?"

"எல்லாரையும்தான். ஏன்?"

"எனக்கும் ஜூலை ஒண்ணுதான் சார். எங்க ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் எழுதினது."

"வாங்க, வாங்க" என்று அமிர்தசாமி சார் தன் மூன்று மாலைகளில் ஒன்றைக் கழற்றி ஜன்னல் கம்பி வழியாக அவரிடம் கொடுத்தார்.

வஹீதா டீச்சர் இதுதான் சமயம் என்று நினைத்தார். "அப்ப இதையும் சொல்லிடுறேங்க. அடுத்த வருஷம் என் வகுப்புப் பொண்ணுங்க பதினாலு பேர் வருவாங்க. எல்லாருக்கும் ஜூலை ஒண்ணுதான். அதுக்காகப் பயந்துடாதீங்க."

"வாசல்லயே ஒரு கேக் வாங்கி வச்சுடுறேன் டீச்சர்" என்றார் பிச்சைமுத்து.

பிரின்சிபால், "வாங்க டீச்சர், வந்ததுதான் வந்தீங்க, பௌதிக லேபைப் பாத்துட்டுப் போங்க" என்று கதவைத் திறந்துவிட்டார். மூன்று வருஷமாக ஜன்னலோடு நின்ற வஹீதா டீச்சர் அன்றைக்குத்தான் அதற்கு அந்தப்பக்கம் போனார். இருளாயி அவருக்கு முன்னாலேயே போய்விட்டாள் என்பதை அங்கிருந்து வந்த சத்தம் சொல்லியது. "டீச்சர்! இங்க ஒரு குட்டிப் பாய்லர் இருக்குங்க!"

திரும்பி வந்தபோது வெள்ளையம்மாள் ரசீதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லாரிப் பக்கத்தில் நின்றிருந்தார். இடுப்பில் ஒரு சின்னப் பொட்டலம்.

"டீச்சர், பாரத்துல தடவக் கூடாதுன்னீங்க. சரின்னு விட்டுட்டேன். இந்த ரசீதுல தடவலாமா?"

"நாலு மூலையிலும் தடவுங்க. நடுவுலயும் வேணா தடவுங்க" என்றார் வஹீதா டீச்சர். "நம்பரை மட்டும் நான் எழுதி வச்சுக்கிறேன்."

லாரி கிளம்பியது. வழியில் கடைவீதியில் மூட்டைகளை இறக்கியாகிவிட்டதால் ஹெட்மாஸ்டருக்கு இப்போது நிறைய இடம். டீச்சர் முன்பக்கமிருந்து தலையை வெளியே நீட்டி, "நாளைக்கு உங்க பொறந்த நாள் சார்! நான் பிரியாணி கொண்டு வரேன்!" என்று கத்தினார்.

"இன்னைக்கே முடிஞ்சுபோச்சேம்மா!" என்று மேலிருந்து பதில் வந்தது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். "பிரியாணிய இன்னைக்கே கொண்டாந்திருக்கணும்!"